எழுபது நிமிடம் உன் முதுகுக்குப் பின்னால்

அல்சூர்,
9-8-1997

அன்பு உமேஷுக்கு,

அய்யாவு எழுதுவது. இங்கே நானும் சரசுவும் சுகம். ஆம்பூரில் நீயும் தங்கச்சி ராஜலக்ஷ்மியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாய் என்று முனியப்பன் சொன்னான். சரசுவுக்கு இது ஏழாம் மாதம். கால் வீங்குகிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த மேட்ச்சைப் பற்றி உனக்கு எழுதவேண்டியது இருக்கிறது.

ஜனவரியில் எங்கள் ஃபேக்டரி ஃபுட்பால் டீமுக்கு ஹெர்பர்ட் சார் கோச்சாக வந்தார். இப்போது எல்லா டீமும் அவரவர் இடத்தைக் காத்து நிற்கிற ஆட்டம்தானே ஆடுகிறது? அவருக்கு அது ஆகாது. "எங்க காலத்துல ஒருத்தனுக்கு ஒருத்தன். அவன் தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போவோம். எல்லாரும் மறந்துட்டாங்க, அதான் இப்போ நல்லா வேலை செய்யும்" என்றார். மேன் மார்க்கிங் திரும்பி வந்துவிட்டது என்று பேப்பரில்கூட எழுதினார்கள். வரிசையாக நான்கு டீமை அப்படித்தான் கட்டிப்போட்டோம்.

அரையிறுதியில் உங்கள் டீம். உமேஷை யார் பிடிப்பது என்று சார் கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். ஒரே தெருவில் ஒரே பந்தை உதைத்தவர்கள் நாம். நீ வலது தோளைச் சாய்த்தால் இடது பக்கம் போவாய் என்பது எனக்குத் தெரியாதா? சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கால மட்டும் புடிச்சா பத்தாது அய்யாவு. அவனுக்கு எங்க வலிக்கும்?" என்றார்.  சொன்னேன். ஜெயித்தால் பர்மனன்ட் செய்கிறோம் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

முதல் பாதியில் உன் குழந்தையின் பெயரை மட்டும் சொன்னேன். பந்து உன்னிடம் வரும்போதெல்லாம், மமதா, மமதா என்று. நீ திரும்பி, "வாணாம்டா அய்யாவு" என்றாய். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் மூன்று முறை பந்தைத் தவறவிட்டாய்.

இரண்டாம் பாதியில், ஜுரத்தில் கிடந்தவளை நானும் அவள் அம்மா ராஜலக்ஷ்மியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். "நீ பிராக்டிஸ் முடிச்சுட்டு மெதுவாதானே வந்தே? ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா கொழந்த பொழச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை உமேஷ். நானாகச் சொன்னது. எழுபதாவது நிமிடத்தில் நீ என் வாயில் குத்தினாய். எனக்கு இரண்டு பல் போனது. உனக்கு ரெட் கார்டு. பத்துப் பேரோடு ஆடி உங்கள் டீம் தோற்றது.

விசாரணையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கேட்டபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பெயரை அத்தனை பேர் முன்னால் உன்னால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் தடை. உனக்கு வரவிருந்த வேலையும் போயிற்று. எனக்கு ஏப்ரலில் பர்மனன்ட் ஆர்டர் வந்தது.

சரசுவிடம் சொன்னேன். "அன்னிக்கு அந்தக் கொழந்தைய நீதானே தூக்கினு ஓடினே" என்றாள். அதற்குப் பிறகு சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

இப்போது நீ அப்பீல் போட்டிருக்கிறாய். இருபத்து மூன்றாம் தேதி என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை நீ எல்லாவற்றையும் சொல்லப்போகிறாயாம். உமேஷ், நான் செய்தது தப்பு. தப்பு என்று தெரிந்துதான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். ஆனால் நீ சொன்னால், நான் மறுபடியும் இல்லை என்றுதான் சொல்வேன். பிரசவத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியைத்தான் நம்பியிருக்கிறேன். நீ அவள் பெயரைச் சொல்லி, நான் அதைப் பொய் என்று சொல்லவேண்டுமா? அப்பீலை வாபஸ் வாங்கிவிடு.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. நீ யாரிடமும் காட்டமாட்டாய், அவள் பெயர் இருக்கிற காகிதம்.

சோமேஸ்வரர் கோவிலில் உன் பெயருக்கும் தங்கச்சி பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். சீக்கிரமே உங்களுக்கு இன்னொரு குழந்தை பிறக்கட்டும்.

என்றும் உன் நண்பன்,
அய்யாவு