பொட்டில்லாத கதாநாயகி

இன்று காலை ஒரு மாட்டுவண்டி செண்டை மேளம் முழங்க நம் தெரு முனையில் வந்து நின்றது. புதுப் படம் வந்திருக்கிறதாம். பச்சை நோட்டீஸ்கள் பறந்தன. நானும் ஓடிப்போய் ஒன்றைப் பிடித்தேன். அச்சு மை வாசனை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேசியே தீரவேண்டும் என்று தோன்றிவிட்டது.

சின்ன வயதிலிருந்தே என் சிநேகிதி நீ; படித்ததையும் பார்த்ததையும் சும்மா விட்டதே இல்லை. யார் வீட்டுக் கூடத்திலோ மாட்டியிருந்த ஓவியத்தில் ஒருத்தி குடம் ஏந்தி நின்றாள். மறுநாள் கிணற்றடியில் நீயும் அதே ஒயிலாகக் குடத்தை எடுத்தாய். பாதித் தண்ணீர் புடவையில். நாவலில் ஒருத்தி மழையில் நடந்தாள் என்று நீயும் நனைந்து வந்தாய். உன் அம்மா திட்டியபோது, "கதையில அவளுக்கு ஒண்ணும் ஆகலையே!" என்றாய். என்னிடம் எப்போதும் ஒரே பேச்சு: "நன்னாயிருந்ததுன்னு சொல்லிட்டு மூடி வைக்காதேடி. நாளைக்குக் காலம்பற எடுத்து உபயோகிக்கணும், கேட்டியா?"

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் அப்போது நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று நாடகத்தில் ஒரு பாகத்தை உரக்கப் படிக்கவேண்டும் என்றார்கள். பேசாமல் படிப்பையே நிறுத்திவிடுகிறேன் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். உனக்கு வந்ததே கோபம்! "என் படிப்பை மூணாம் பாரத்தோட மத்தவா நிறுத்தினா. நீ நீயாவே நிறுத்திக்கப் போறியா, அசடே?"

அந்தச் சனிக்கிழமைதான் உன் அண்ணா நம்மைத் தம்பானூர் சினிமாக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்கார ஊமைப் படம். பேச்சுக்குப் பதிலாக நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர் தொண்டை கட்டியதால் அன்று வரவில்லை. நடுவில் தொங்கிய படுதாவுக்கு இந்தப்புறம் பெண்கள், அந்தப்புறம் ஆண்கள்.

கதாநாயகி வந்ததும் முன்வரிசை மாமி, "அடப் பாவமே, நெத்தியில பொட்டு இல்லையே! இந்த வயசிலயா!" என்றாள். பெஞ்சு முழுவதும் உச்சுக் கொட்டியது. அடுத்த காட்சியில் அவள் ஒரு வாலிபனோடு கைகோத்துச் சிரித்தாள். மாமி எழுந்தேவிட்டாள். "இதென்ன கண்றாவி! வாங்கோ, போலாம்."

நீ என் தொடையில் கிள்ளினாய். "சொல்லேண்டி!"

"இல்லை மாமி, அவா ஊர்ல பொட்டு வெச்சுக்கிற வழக்கமே கிடையாது. இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

அந்தக் குரல் என்னுடையதுதானா?

"நோக்கு எப்படித் தெரியும்?"

"அவ காலேஜாக்கும், மாமி," என்றாய் நீ. "இங்கிலீஷ் அவளுக்கு ஜலம் குடிக்கிற மாதிரி!"

மாமி உட்கார்ந்தாள். "அப்போ அடுத்தது என்ன எழுதியிருக்கு? சொல்லு."

சொன்னேன். முதலில் மாமி காதுக்கு மட்டும். படுதாவுக்கு அப்பாலிருந்து, "ஒன்னு உரக்கெப் பறயணே!" என்று ஒரு மலையாளக் குரல் கெஞ்சியது. உரக்கவே சொன்னேன். போகப்போக, கதாநாயகிக்காக அழுதேன். அவள் அப்பாவாக அதட்டினேன். முடிவில் கல்யாணம் நடந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமேலாவது ஒரு பொட்டு வெச்சுப்பாளோ?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எப்போ உபயோகிக்கப் போறே?"

திங்கட்கிழமை எழுந்து நின்றேன். கடைசி வரிசை வரை கேட்கும்படி படித்தேன். சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது, கோயில் தெரு என்றும் பாராமல் நீ துள்ளிக் குதித்தாய்.

நான் பி.ஏ. எழுதிய வருஷம் விஷஜுரம் உன்னைக் கொண்டுபோயிற்று. பாஸான சேதியைச் சொல்ல நீ இல்லை. இப்போது பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறேன். ஒரு கதையை முடித்ததும், 'இதில் நாளைக்கு உபயோகிக்க எது?' என்று பிள்ளைகளைக் கேட்கிறேன். அவர்கள் சொல்வதையெல்லாம் வீட்டில் வந்து மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறேன். அப்பா சாதத்தைப் பிசைந்தபடி, "வாயே திறக்காத பொண்ணா இருந்தா. இப்போ மூட மாட்டேங்கறாளே!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே நீ எப்போதும் உட்காரும் பக்கம் திரும்புகிறேன்.