நாலு இடத்தில் சிவந்த புரதம்

காதுக்குள் இன்னும் என்னைக் ‘குஞ்சு’ என்று கூப்பிடுகிற என் அப்பாவுக்கு,

முரசுமோட்டை வயலில் காலபோக நெல் விதைத்தாயிற்று. அண்ணாதான் விதைத்தார். அன்றைக்கு வரம்பால் நடந்து வந்தவரின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே என்று அண்ணி கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தார். உள்ளங்காலில் முள் ஏறி இரத்தம் வடிந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரியவேயில்லை. உங்களுக்கும் இப்படித்தானே தொடங்கியது, அப்பா?

உங்கள் ஈரல் செய்கிற ஒரு புரதத்தில் ஒரேயொரு இடம் பிழை, அதுதான் நரம்பையும் பிறகு இதயத்தையும் கெடுத்தது, பிள்ளைகளுக்கும் வரலாம் என்று உங்கள் கடைசி நாட்களில் டொக்டர் சொன்னார். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறதாம். ஆனால் இரத்தம் சோதிக்க மாட்டேன் என்று அண்ணா ஒரே பிடியாக நின்றார்.

சொல்லிக் கேளாத மனிசனுக்குக் கண்ணால் காட்டுவோம் என்று, பல்கலைக்கழகத்தில் நான் பாவிக்கிற மென்பொருளைத் திறந்தேன். புரதத்தின் உருவத்தை அது திரையில் சுழற்றிக் காட்டும். அந்த இடத்தை மவுசால் தேடினால் சிக்குப்பட்ட நூலுக்குள் தொலைந்துபோவோம். அதனால் கட்டளை வரிகளாக ஸ்கிரிப்ட் எழுதினேன்: முழுவதையும் சாம்பல் நிறமாக்கு, பிழையான இடத்தின் இலக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடு, அதைச் சிவப்பாக்கு.

ஓரிடம் சிவக்கும் என்று பார்த்தால் நாலு இடம் சிவந்தது. இந்தப் புரதம் ஒரே மாதிரியான நாலு சங்கிலிகள் சேர்ந்தது. எந்தச் சங்கிலி என்று அதற்குரிய ஆங்கில எழுத்தைப் போட மறந்துவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்கள் விடுகிற பிழை.

பின்னால் நின்ற அண்ணா ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

“அப்பா. நான். நீ. என்ர பிள்ளை.”

இது என் பிழை அண்ணா என்று சொல்லி, அவசரமாகச் சங்கிலியின் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். மூன்று இடங்கள் சாம்பலாகின. ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது.

“நீ திரையில அழிச்சா எங்களில இல்லாமப் போயிடுமே?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிவந்து நின்ற அந்த ஒன்றை மறுபடி விரலால் தொட்டார். பிறகு, தனக்கு இரத்தம் எடுக்கட்டும், பிள்ளையின் காதில் மட்டும் இந்தக் கதை விழக்கூடாது என்றார்.

அவர் சம்மதித்ததற்கு நான் சந்தோசப்பட வேண்டும். பயம்தான் வருகிறது. இதைத் தட்டச்சு செய்யும்போது வலக்கை விரல் நுனிகளில் விசைப்பலகை படுவதே தெரியவில்லை. திரையைப் பார்த்துத்தான் எழுத்து விழுந்ததை நம்புகிறேன். அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வெறும் களைப்பாக இருக்குமோ, அப்பா?

வருகிற கிழமை அவரை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவருக்கு இரத்தம் எடுத்து முடிந்ததும், அதே கதிரையில் இருந்து நானும் கையை நீட்டுவேன். இது சத்தியம்.

உங்கள் கடைக்குட்டி மகள்