எல்லாவற்றுக்கும் ஆமாம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை அண்ணியிடம்கூடக் காட்டாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இது அம்மாவுக்கே தெரியாமல் எழுதுவது. நீங்கள் இருவரும் சுகம்தானே? அப்பாவின் கால் தேறுகிறது, ஊன்றுகோலோடு கடைவரை நடக்கிறார். நான்தான் நன்றாக இல்லை.

அப்பா கடை ஏணியிலிருந்து விழுந்ததும் நான் போன் செய்து ஹெலிகாப்டரை வரவழைத்தேன் என்று அம்மா உன்னிடம் பெருமையடித்திருப்பாள். நடந்தது வேறு, அண்ணா. அவசர எண்ணில் முதலில் கேள்விதான் கேட்பார்கள், நாம் சொல்வதை வைத்துத்தான் ஆம்புலன்ஸ் வேனா ஹெலிகாப்டரா என்று அங்கிருக்கும் டாக்டர் முடிவு செய்வார். "அப்பாவுக்கு மயக்கமாம்மா? மூச்சுத் திணறுதா?" என்று ஒரு அக்கா கேட்டார். பாலம் உடைந்து கிடந்தது, வேன் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும், அம்மா தலையிலடித்து அழுதாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அப்பாவோ, "இந்த ஏணிய வாங்கினவன உதைக்கணும்" என்று கத்திக்கொண்டிருந்தார், வாங்கியதே அவர்தான். அந்தச் சத்தம் கேட்காமலிருக்கப் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

ஹெலிகாப்டர்காரர்கள் பள்ளி மைதானத்தில் இறங்கினார்கள். அப்பாவை ஏற்றிய பிறகு, அதில் வந்த டாக்டர், "போன்ல பேசினது நீயா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். அப்போதே அவர் வயர்லெஸ்ஸில் அடுத்த அழைப்பு வந்தது. இந்தப் பக்கத்துக்கே ஒரு ஹெலிகாப்டர்தான், ஏற்றியவரை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்காமல் வேறெங்கும் போகக் கூடாதாம். அந்த அழைப்பு நம் பள்ளிப் பேருந்து ஓட்டும் மாமாவுக்கு. "மகாராணி ஏறியாச்சா, வண்டிய எடுக்கலாமா?" என்று என்னைக் கேலி செய்வாரே, அவருக்குப் பக்கவாதம். வேன் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. உயிர் தப்பியது, வலது கையைத் தூக்க முடியவில்லை.

நம்மிடம் ஒரு பைசா வாங்கவில்லை. விமானிக்கும் எரிபொருளுக்கும் அரசாங்கம் கொடுக்கிறது, டாக்டரும் மருந்தும் ஜனங்கள் உண்டியலில் போடுகிற காசில். நம் கல்லாப்பெட்டி பக்கத்திலும் அந்த உண்டியல் இருக்கிறதே, மாமா வாங்கிய சாமானின் மிச்சச் சில்லறையை அதில்தான் போடுவார்.

நாளைக்குப் பள்ளியில் உண்டியல் வசூல் ஆரம்பம். ஹெலிகாப்டர்காரர்கள் வருகிறார்கள், கெட்டிக்காரப் பெண் என்று என்னை மேடையேற்றப் போகிறார்கள். சாயங்காலம் மாமாவின் மனைவி கடைக்கு வந்து என் கன்னத்தைத் தடவி, "உன் புத்தி எனக்கு இல்லாமப் போச்சேம்மா, நான்தான் லேட்டா போன் பண்ணிட்டேன் போல" என்று அழுதார். நான் சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் மேல் தப்பில்லை என்று என் ஒருத்திக்குத்தான் தெரியும். மேடையில் சொல்லிவிடவா, அண்ணா? அப்பா எப்படிக் கடையில் உட்காருவார்? சொல்லாமல் அந்த உண்டியலை நான் எப்படித் தூக்குவேன்?

நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா எப்போதும் சொல்வது, நானும் சொல்கிறேன்.

ஊன்றுகோல் சத்தம். கதவைத் தட்டுகிறார். "இன்னும் தூங்கலயா கண்ணு? நாளைக்கு மேடையில பேசணுமே" என்கிறார் அப்பா. விளக்கை அணைக்கக் கை போனது, அணைக்கவில்லை. கடிதத்தை ஒளிக்கவும் இல்லை. இதோ எழுந்து கதவைத் திறக்கிறேன்.