இரண்டு கட்டர், இரண்டு முன்பல்

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் இன்று எனக்கு இரண்டு முன்பல் மாட்டினார். கேப்தான், அதுவும் தற்காலிகமாம். நிஜ கேப் எங்கோ ஒரு லேபில் தயாராகி வர ஒரு மாதம் ஆகுமாம். என் தங்கை மகனுக்கு ஒரே வாரத்தில் முளைத்தது, லேப் எதுவும் இல்லாமல்.

“எப்படிங்க உடைஞ்சது?” என்றார். தூண்டில் நரம்பைக் கடித்து என்றேன். இருபத்திரண்டு வருடமாகக் கடிக்கிறேன், என் பல்லுக்குச் சமமான கட்டரை இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். வாய்க்குள் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தவர், “தெரியுது” என்றார். நக்கல் பிடித்த மனிதர்.

“இது ரெண்டும் சும்மா பசையில நிக்குது. ஆப்பிளைக்கூட நறுக்கித்தான் சாப்பிடணும். நரம்பைக் கடிச்சீங்க, கையோட வந்துடும்.”

பரவாயில்லை. 23ஆம் தேதிவரை நின்றால் போதும்.

மார்ச் 4, புதன்

23ஆம் தேதி என்னவென்று இங்கே எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது என் வரலாற்றைத் தேடினால் உதவும்.

பஸ் நிலையத்தில் பதினெட்டு வருடமாகக் காலை ஷிஃப்ட் மைக் என்னுடையது. எந்த பஸ் எந்த மேடையில் என்று நான் சொன்னால்தான் இந்த ஊர் வேலைக்குப் போகும். இப்போது எல்லா பஸ்ஸிலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். அடுத்த நிறுத்தம் என்னவென்று ஒரு குரல் சொல்லுமாம். அது யார் குரல் என்று திங்கட்கிழமை 23ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பதிவு செய்து பார்க்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வருகிறார்.

போட்டிக்கு மூன்று பேராம். மரியாதைக்குச் சொல்வது. ஒருவர் டிக்கெட் கவுன்ட்டர்காரர், பிறந்ததிலிருந்து ஜலதோஷம். இன்னொருவர் மாலை ஷிஃப்ட் அம்மா. அவர் அறிவித்தால் பயணிகளோடு சேர்ந்து டிரைவரும் தூங்குவார். மூன்றாவது நான்.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா அந்தப் பல்லைச் சரி பண்ணுங்க, விசில் வருது” என்றார். உண்மைதான். பல் உடைந்த வாரம் நான் “சந்தை” என்று சொன்னதும், கண்டக்டர் விசில் என்று நினைத்து நான்கு பஸ் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. (இரண்டு. எழுதும்போது நான்கு வந்துவிட்டது, இருக்கட்டும்.)

மார்ச் 7, சனி

ஆக, பல்லுக்கு ஓய்வு. கட்டர் வாங்க வேண்டும்.

எங்கள் மீன்பிடிப்பில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் செய்த தூண்டில் முள்ளை, தலைமுடி மாதிரி மெல்லிய நரம்பில் கட்டி வீசுவோம். மீன் இன்று எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றவேண்டும். மாற்றும் ஒவ்வொரு தடவையும் வெட்டு, கட்டு, மிச்ச வாலை வெட்டு. ஒரு காலையில் நாற்பது வெட்டு. அத்தனையையும் இந்த வாயால் செய்திருக்கிறேன். ஒரு பாராட்டு விழா உண்டா?

சந்தையில் சீப்பு, ஊக்கு விற்பவரிடம் ஒரு கட்டர் எடுத்தேன். நகவெட்டிக்குச் சித்தப்பா பிள்ளை. விலை, ஒரு டீயும் பன்னும். “நல்லா வெட்டுமா?” என்றேன். “நகம் வெட்டும், நூல் வெட்டும், பேசிக்கிட்டே நின்னா பொழுதையும் வெட்டும்” என்றார். இவரைத்தான் மைக்கில் உட்கார வைக்கவேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஆற்றில் சோதனை. பத்து வெட்டுவரை ராஜா. பதினொன்றிலிருந்து வெட்டவில்லை, மென்றது. நரம்பின் நுனி பிய்ந்து துடைப்பமாகிவிட்டது. அதை முள்ளின் காதில் கோப்பதற்குள் மீன்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டன.

கூட வந்தது மச்சான், என் மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்போது கெட்டுப்போகும் என்றுதான் யோசிப்பான். அவன் கழுத்தில் ஒரு கட்டர் தொங்குகிறது. தாலிகூட அவ்வளவு பத்திரமாகத் தொங்கி நான் பார்த்ததில்லை.

“அத்தான், உங்களோடதை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. ரெண்டு வாய்க்கும் நடுவுல ஆகாசம் தெரியுது. என்னோடதுல தெரியுதா?”

தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

மார்ச் 11, புதன்

நகவெட்டியின் சித்தப்பா பிள்ளைக்குத் துரு. மூன்றே நாளில்! என் மனைவி தையல்காரி. தன் நூல்கத்தரியை எடுத்து நீட்டினாள்.

“இருபது வருஷமா தைக்கிறேன். ஒரு நாள் பல்லு வெச்சதில்ல. இதை எடுத்துட்டுப் போங்க.”

ஆற்றுக்குத் தையல் கத்தரியா? மீன் என்ன நினைக்கும்?

மார்ச் 14, சனி

வாங்கிவிட்டேன்! விலையை இங்கே எழுதமாட்டேன், இந்த நோட்டை மனைவி படிக்கிறாள் என்று ஒரு சந்தேகம்.

மீன்பிடிச் சாமான் கடை. உள்ளே ஏசி, பாட்டு, தரைவிரிப்பு. மீனுக்குத் தெரிந்தால் அதுவே நேராக இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். விற்பனைப் பையன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே வெல்வெட். வெல்வெட்டுக்குள் கட்டர்.

“ஒரே எஃகுக் கட்டியிலிருந்து கடைஞ்சது சார். வாய் மழுங்கினா வாய் மட்டும் மாத்திக்கலாம். இந்த ஊசி, முள்ளோட காதுல பூச்சி ஒட்டின பசை அடைச்சிருந்தா குத்தி எடுக்க. ஆயுள் முழுக்க கேரன்ட்டி.”

“யாரோட ஆயுள்?” என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஏசியில் சிரிப்புச் சீக்கிரம் உறைந்துவிடும் போல.

ஒரு துண்டு நரம்பை வெட்டச் சொன்னான். வெட்டினேன். சத்தமே இல்லை. நுனி ஊசி மாதிரி இருந்தது. இரண்டு வாயையும் சேர்த்து விளக்குக்கு நேரே பிடித்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. நக்கலாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன். அகப்படவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மச்சானிடம் காட்டினேன். தன்னுடையதைவிட உயர்ந்த மாடல் என்று ஒரு நிமிடம் பார்த்துப் பெருமூச்சு விட்டான். கொடுத்த காசு அந்த இடத்திலேயே வசூல்.

ஆனால் ஆற்றுக்குக் கொண்டுபோகவில்லை, ஷோகேஸில் வைத்துவிட்டேன். புதுசு. கீறல் விழுந்தால்?

மார்ச் 17, செவ்வாய்

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், கீழ்வீட்டு வாத்தியார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஆகியோர் கட்டரைப் பார்வையிட்டனர். வெளிநாட்டு மீன்பிடிச் சங்கம் எனக்குப் பரிசாக அனுப்பியது என்று சொல்லியிருக்கிறேன். மனைவி அடுப்படியிலிருந்து, “அந்தச் சங்கத்தோட ரசீது உங்க சட்டைப்பையில இருந்துச்சு, துவைக்கும்போது எடுத்து வெச்சேன்” என்றாள்.

மார்ச் 19, வியாழன்

குரல் அருமை. குளியலறையில் எல்லா நிறுத்தத்தையும் சொல்லிப் பார்த்தேன். சந்தை. சினிமா கொட்டகை. சிறைச்சாலைச் சுவர். விசிலே இல்லை.

மார்ச் 21, சனி

நாளை ஆற்றில் வெள்ளைப் பூச்சி பறக்கும், அதைத் தின்ன மீனெல்லாம் மேலே வரும் நாள். வருடத்தில் இரண்டு நாள்தான் இப்படி. மச்சான் அழைத்துவிட்டான். மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

“நாளன்னிக்குப் பதிவு. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா ஆறு வத்திடுமா?”

“பல்லு படாது, கட்டர் இருக்கு” என்றேன்.

“எந்தக் கட்டர்? ஷோகேஸ்ல இருக்கிறதா?”

“அது வெச்சிருக்கிற சாமான். வேலைக்கு இது இருக்கு.” சித்தப்பா பிள்ளையை எண்ணெய் போட்டு ஊறவைத்திருந்தேன்.

“வேலைக்கு ஆகாததை வேலைக்கும், வேலைக்கு ஆகறதை ஷோகேஸுக்கும். நல்ல முறைங்க.”

இவளிடம் வாதாட இன்சூரன்ஸ்காரனாலேயே முடியாது.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அழகுபடுத்தவில்லை. படுத்த ஒன்றுமில்லை.

ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர் மேலே வெள்ளைப் பூச்சி. எனக்கு நேரே ஒரு பெரிய மீன், பத்து எண்ணுவதற்குள் ஒரு தடவை வாயைத் திறந்து பூச்சியை உறிஞ்சுகிறது. என் நரம்பில் இருந்தது பழுப்பு. மாற்றவேண்டும். பழுப்பை வெட்டினேன், மென்று ஒருவழியாக விட்டது. வெள்ளையைக் கட்டினேன். மிச்ச வாலை வெட்டக் கட்டரை அழுத்தினேன். ‘ணங்’ என்று ஒரு சத்தம். கட்டரின் பிடி ஒரு திசையில், ஆணி ஒரு திசையில், இரண்டும் தண்ணீரில். கையில் மீதி இருந்தது ஒரு தகடு.

மச்சான் முப்பதடி தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்றான். “அத்தான், இருங்க! என்னோடதைத் தர்றேன், வந்துடறேன்!”

இருந்திருக்கலாம். அவன் வந்து சேர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அவன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுக்க, நான் வாங்க... அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? ஷோகேஸில் இருப்பதைப் பற்றி ஒரு வாரம் பேசியவன் நான். மீன் வேறு வாயைத் திறந்தது.

கடித்தேன்.

நரம்பு அறுந்தது. இடது பல்லும் போனது. ஒரு சின்ன ‘ப்ளக்’, அவ்வளவுதான். தண்ணீர் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டது.

மீனைப் பிடித்தேன். அதையும் எழுதவேண்டும். இந்த வருடத்தின் பெரிய மீன். திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டேன், எப்போதும் விடுவதுதான். மச்சான் வந்து, “எவ்ளோ இருக்கும் அத்தான்?” என்றான். சொல்ல வாயைத் திறந்தேன். விசில்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல் டாக்டர் ஞாயிறு விடுமுறை. திங்கள் மாலை ஐந்துக்குத்தான் திறப்பாராம். மனைவி இரண்டு தடவை வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். திட்டித் தொலைத்தால் என்னடி!

மார்ச் 23, திங்கள்

பல் இருந்த இடத்தில் சூயிங்கம் அடைத்துக்கொண்டு போனேன், மச்சான் யோசனை. அவனுக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் அதுதான்.

டிக்கெட் கவுன்ட்டர்காரர் முதலில் தும்மிவிட்டு வந்தார். அடுத்து என் முறை. மாலை ஷிஃப்ட் அம்மா என் வாயைப் பார்த்தார். நேராக இன்ஜினியரிடம் போய், “நான் முன்னாடி பேசிடறேன் சார், அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்றார். திரும்பி வந்து காதோடு, “அண்ணே, நாக்கைக் கீழ்ப்பல்லு பக்கம் வெச்சுப் பேசிப் பாருங்க, காத்து கம்மியா வரும். எங்க அப்பாவுக்குப் பல்லு போனப்ப அப்படித்தான் பேசுவாரு” என்றார்.

பதினெட்டு வருடத்தில் அந்த அம்மாவிடம் நான் பேசியது, “மைக்கை ஆஃப் பண்ணிட்டுப் போங்க” மட்டும்தான்.

நாக்கைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரி, நன்றாக வந்தது. ஆற்றுப்பாலம், என் குரலா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு நன்றாக வந்தது. சந்தையில் சூயிங்கம் மைக்கின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. சிறைச்சாலைச் சுவரை முழுக்க விசிலிலேயே சொல்லி முடித்தேன். நிறுத்தவில்லை. கடைசி நிறுத்தம்வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த அம்மா, “அவருக்கு அடுத்த மாசம் ஒரு தடவை வெச்சுக்கலாமே சார்” என்று கேட்டுப் பார்த்தார். இன்ஜினியர் பதிவுக் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டே, “இன்னிக்கு ஒரு நாள்தாம்மா எங்களுக்கு” என்றார்.

மார்ச் 27, வெள்ளி

முடிவு வந்தது. மாலை ஷிஃப்ட் அம்மாதான்.

மார்ச் 28, சனி

மேனேஜரிடம் முறையிடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

யோசித்தேன். மட்டமானதை வாங்கியது தப்பில்லை. உயர்ந்ததை வாங்கியதும் தப்பில்லை. உயர்ந்ததை வீட்டில் வைத்துவிட்டு மட்டமானதோடு போன முட்டாளைத்தான் கடையில் விற்பதில்லை. அது நான் ஒருவன்தான், ஸ்டாக் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

நிஜ கேப் வந்தது. டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டபடி, “இனிமே?” என்றார். “ஷோகேஸைக் காலி பண்ணிட்டேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எப்போதும் அவருக்கே எல்லாம் புரியவேண்டுமா?

மே 17, ஞாயிறு

இன்று ஆற்றுக்குப் புது பஸ்ஸில் போனேன். மச்சான் வரவில்லை, யாருக்கோ ஆயுளைப் பற்றி விளக்கப் போயிருக்கிறான்.

ஏறியதும் அந்த அம்மாவின் குரல். ஆஸ்பத்திரி என்றார். ஒரு முதியவர் எழுந்து, கம்பியைப் பிடித்து, அவசரப்படாமல் இறங்கினார். சந்தை என்றார், சத்தம் போடாமல். கூடைக்காரர்கள் எல்லாம் முட்டிமோதாமல் எழுந்தார்கள். நானாயிருந்தால் அந்த இடத்தில் ஒரு அதட்டல் போட்டிருப்பேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “யாருங்க இது? வீட்டு ஆளு சொல்ற மாதிரியே இருக்கு” என்றார்.

நான்தான் பழக்கினேன், என் மைக்கில் வளர்ந்த குரல், போட்டியில் நானே விட்டுக்கொடுத்தேன். மூன்று பொய்யும் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

“எங்க பஸ் ஸ்டாண்டுல சாயந்திரம் ஷிஃப்ட் பார்க்கிறவங்க” என்றேன். “நல்லா பேசுவாங்க.”

அந்தப் பெண் தலையாட்டினார். 

ஆற்றுப்பாலம் வந்தது. அதை மட்டும் அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்துவிடுகிறார். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம். நாளை ஷிஃப்ட் மாறும்போது சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, நாக்கைக் கீழே வைக்கச் சொன்னதற்கு ஒரு வார்த்தை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.