வெளியிலேயே இருக்கட்டும்

14 செப்டெம்பர் 1990, வெள்ளி

வேலை முடிந்து ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து மேடேறி வரும்போது பீற்றர் தன் கேற்றடியில் நின்றார். மூன்று வீடு தள்ளி இருப்பவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை வருடமும் கண்டால் தலையாட்டுவதோடு சரி. இன்று கூப்பிட்டுப் பின்வளவுத் தோட்டத்தைக் காட்டினார்.

கள்ளி. வளவு முழுக்கக் கள்ளி. கண்ணாடிக் கூரை எதுவும் இல்லை, திறந்த வெளியில். கனடாப் பக்கம் பனிக்குள் கிடந்து வளர்கிற இனமாம். மூன்று வருடத்துக்கு முந்திய அந்தப் பெரிய பனியிலும் இங்கேதான் கிடந்தன என்றார்.

நான் நம்பவில்லை. நம்பாமலேயே, அவர் பேப்பரில் சுற்றித் தந்த நாலு செடியையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவர், என் கணவர், இறந்து ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் கொண்டுவருவது சோற்றுப் பார்சலும் புத்திமதியும்தான். முள்ளுத் தந்தவர் பீற்றர் ஒருவர்தான்.

16 செப்டெம்பர், ஞாயிறு

முன்வாசலில், தெற்குப் பார்த்த சுவரோரம் கிண்டினேன். நல்ல மண்ணைப் பாதிக்கு மேல் அள்ளி எறியச் சொல்கிறார் பீற்றர். அடியில் உடைந்த செங்கல், மேலே மணல், அதற்கு மேலே சல்லி. தண்ணீர் நிற்கவே கூடாது. குளிர் இதைக் கொல்லாதாம், ஈரம்தான் கொல்லுமாம்.

கை முழுக்க முள். பெரிய முள் பரவாயில்லை. மயிர் மாதிரி ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளாஸ்ரரை ஒட்டி உரித்து எடுத்தேன். இடுப்பு நோகிறது. நல்ல நோ.

7 ஒக்டோபர், ஞாயிறு

தம்பி இராஜேந்திரன் செவன் கிங்ஸில் இருக்கிற தன் வீட்டிலிருந்து மனைவி கலாவதியோடு வந்தான். காரை விட்டு இறங்க முன்னமே தொடங்கிவிட்டான்.

"அக்கா, வாசல்ல முள்ளு வைக்கிறதோ?"

"ஏன், உனக்கு நடக்க வழியில்லையோ?"

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

பிறகு வழமையான கதை. வீட்டை விற்றுவிட்டுத் தங்களோடு வந்து இருக்கட்டாம். மேல் அறைக்கு எனக்கென்று புது மெத்தையும் வாங்கிப் போட்டிருக்கிறானாம். தனியப் பொம்பிளை இந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்றான். கலாவதி கோப்பைகளைக் கழுவினாள்.

அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் இவருக்குப் பக்கத்தில் இரவிரவாக இருந்தவன் அவன்தான். அதனால்தான் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்ப்பம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

19 ஒக்டோபர், வெள்ளி

கோயில். பூசை முடிந்து செருப்புப் போடும்போது, வெள்ளிதோறும் அங்கே காணும் ரமா பக்கத்தில் வந்தா. குரலைத் தணித்து, ஆனால் மற்றவர்களுக்குக் கேட்கிற அளவுக்கு:

"அந்த வெள்ளைக்காரர் உங்கட வீட்டை வாறவராமே?"

"ஓம், வாறவர். மண் கிண்டித் தாறவர். உங்களுக்கும் கிண்ட வேணுமெண்டால் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்."

சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளியும் போவேன். அதே நேரத்துக்கு, அதே வாசலால்.

25 நவம்பர், ஞாயிறு

கள்ளி மடல்கள் சுருங்கிவிட்டன. நிறம் ஊதா. நிமிர்ந்து நின்றவை தரையோடு படுத்துவிட்டன. ஓடிப் போய்ப் பீற்றரைக் கூட்டி வந்தேன். அவர் சிரித்தார். உறைபனி வருமுன் தனக்குள் இருக்கிற தண்ணீரைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். தண்ணீர் இருந்தால்தான் உறைந்து வெடிக்கும். செத்ததுபோலக் கிடப்பது அதன் வேலை. உங்கள் வேலை தொடாமல் இருப்பது என்றார்.

தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

6 ஜனவரி 1991, ஞாயிறு

செவன் கிங்ஸ். காய்ச்சல். தம்பி வந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கலாவதி ரசம் வைத்துத் தந்தாள். மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டுச் சாவி அவனிடம்.

26 ஜனவரி, சனி

எழுதக் கை ஓடவில்லை.

இன்றுதான் வீடு திரும்பினேன். வாசலில் பலகை. வீடு விற்பனைக்கு. ஏஜென்றின் பெயர், ரெலிபோன் நம்பர், எல்லாம் பெரிய எழுத்தில். அதன் காலடியில் என் கள்ளிப் பாத்தி — பொலித்தீனால் இறுக்கி மூடி, நாலு பக்கமும் கல் வைத்து. உள்ளே வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். இரண்டு செடி கூழ். தொட்ட விரல் உள்ளே போனது. அழுகல் மணம்.

தம்பிக்கு ரெலிபோன் அடித்தேன்.

"குளிரில செத்துப்போமெண்டுதானே அக்கா மூடினனான். உங்கட சாமான் எண்டு கவனமாய் மூடினனான்."

"உன்னை ஆர் கேட்டது?"

"பலகை... நீங்கள்தானே பார்ப்பம் எண்டு சொன்னீங்கள்."

"பார்ப்பம் எண்டால் ஓம் எண்டே அர்த்தம்? ஆரின்ரை வீடு இது? நான் இன்னும் சாகேல்லை, தெரியுமோ உனக்கு?"

ரிசீவரை வைத்துவிட்டேன். தம்பியோடு இப்படி நான் கதைத்ததே இல்லை. அழுகை வரவில்லை. கோபம்தான். கோபம் நல்லாய் இருக்கு.

27 ஜனவரி, ஞாயிறு

அழுகினதை வெட்டி எறிந்தேன். மற்ற இரண்டும் ஓரத்தில் இருந்ததால் தப்பியிருக்கின்றன. இனி எதுவும் மூடுவதில்லை.

8 பெப்ரவரி, வெள்ளி

நேற்றிலிருந்து பனி கொட்டுகிறது. ரயில் இல்லை, பஸ் இல்லை, மேட்டில் ஒரு காரும் ஏறவில்லை. வேலைக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளை மேட்டுக்கு மேலே அந்தப் பலகை மட்டும் நின்றது.

ஏஜென்றுக்கு அடித்து, வீட்டுக்காரி நான், நான் விற்கவில்லை என்றேன். பனி விட்டதும் ஆள் அனுப்பிக் கழற்றுவார்களாம். பனி விடும்வரை ஏன் பார்த்திருக்க வேண்டும்?

இவருடைய பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மண் கல்லாக உறைந்திருந்தது. கேத்திலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினேன், பாத்திப் பக்கம் படாமல். ஆட்டினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். எதிர்வீட்டு மனிசி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தா. பார்க்கட்டும். கடைசியில் முறிந்து விழுந்தது, நானும் அதோடு சேர்ந்து விழுந்தேன். பனிக்குள் இருந்தபடியே சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பா.

பீற்றர் வந்து பலகையைக் கேற்றடிக்கு இழுத்துப் போட்டார். பாத்திமேல் கிடந்த பனியைக் கூட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கிடக்கட்டும் என்றார்.

3 மார்ச், ஞாயிறு

தம்பி வந்தான். கலாவதி வரவில்லை. காலைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பனி கரைந்த இடத்தில் கள்ளி காய்ந்த தோல் மாதிரிக் கிடந்தது. அதைப் பார்த்தான். "செத்துத்தானே போச்சு" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

தேத்தண்ணி கொடுத்தேன். சாவியை மேசையில் வைத்தான்.

"அத்தான் சாகேக்குள்ள உங்களைப் பாக்கச் சொன்னவர், அக்கா."

"பார். ஆர் வேண்டாம் எண்டது? வந்து பார், கதை, சாப்பிடு. என்னைத் தூக்கி ஒரு அறைக்குள்ள வைக்காதை."

அவன் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. சாவியை எடுத்து அவன் கையில் கொடுக்கவும் இல்லை.

21 ஏப்ரல், ஞாயிறு

ஒரு மடல் எழும்பியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும், தூக்கத்திலிருந்து எழும்பும் ஆள் கையூன்றுவது போல. சுருக்கம் குறைந்து பச்சை ஏறுகிறது.

ரமா கோயிலில் என்னோடு கதைப்பதில்லை. அதுவும் நல்லதுதான்.

30 ஜூன், ஞாயிறு

இந்த மாதம் முழுக்க வெயிலே இல்லை. ஒரே ஒரு மொட்டு. திறக்காமல் நிற்கிறது.

10 ஜூலை, புதன்

பூத்தது. மஞ்சள். பட்டு மாதிரி. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

பீற்றர் மகளிடம் போயிருக்கிறார். தம்பி தன் கடையில். பூ ஒரு நாள்தான் இருக்குமாம். சுகமில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டுக் கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு இருந்தேன். தபால்காரர் மட்டும் பார்த்துவிட்டுப் போனார். பின்னேரம் சுருங்கிவிட்டது. படம் எடுக்கவில்லை. ஒருவருக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

12 டிசம்பர், வியாழன்

மூன்று நாளாக மூடுபனி. கம்பி, மதில், மரம் எல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கின்றன. கள்ளி மறுபடி படுத்துவிட்டது. எதிர்வீட்டு மனிசி, இந்தமுறை நிச்சயமாய்ச் செத்துவிட்டது என்றா. தொடாமல் உள்ளே வந்தேன்.

இரவு தம்பி ரெலிபோன் அடித்தான். கலாவதிக்குத் தடிமன், தும்மல், கடையில் கூட்டம், இப்படிக் கொஞ்ச நேரம். பிறகு,

"அக்கா, ஞாயிறு வரட்டோ?"

"ஞாயிறு ஏலாது, எனக்கு அலுவல் இருக்கு. சனி வா."

"சரி அக்கா. சனி வாறன்."

என்ன அலுவல் என்று அவன் கேட்கவில்லை.