பனிமலையில் வாங்காமல் வந்த சத்தியம்

தம்பி,

இன்று காலை வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் அடம்பிடித்தது. திறந்து பார்க்கப் போய்ப் பெற்றோலைக் கையில் ஊற்றிக்கொண்டேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. மத்தியானம் சோறு பிசையும்போதும் அதே மணம். உன் பிளேனுக்குள் இருந்த மணம். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிளேன் என்று நீ சொன்னதை நான் பெரிதாக நினைத்துவிட்டேன். கனடாவின் வடமேற்கு மூலையில், சுற்றிவர மலை நின்ற அந்தச் சிறு ஊரில் அதைப் பார்த்தபோது, எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் வண்டியே பெரிது என்று பட்டது. பனியில் இறங்குவதற்காகச் சில்லுக்குப் பதில் இரண்டு நீளப் பலகை. குளிரில் இயந்திரம் விறைத்துப்போகாமல் மூக்கில் ஒரு தடித்த போர்வை. பாதை போகாத மலைக் குடியிருப்புகளுக்கு மாவும் முட்டையும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பது உன் வேலை. அம்மாவிடம் பல வருடங்களாக, சாமான் ஏற்றும் வாகனம் ஓட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தாய். அதில் பொய் ஒன்றும் இல்லைத்தான்.

வவுனியாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் தன் போனில் உன் படத்தைக் காட்டியதோடு காரியம் கெட்டது. பிளேனில் சாய்ந்துகொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். அம்மா அன்று முழுவதும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த விமானம் ஒரே வகைதான், குண்டு போட்டு அப்பாவைக் கொண்டுபோன வகை. சண்டை நாட்களில் சத்தம் கேட்டால் எங்கள் இருவரையும் பங்கர்க் குழிக்குள் தள்ளி மேலே படுத்துக்கொள்வார். மூச்சு முட்டி நீ அவருடைய கையைக் கடிப்பாய். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், வானத்தில் சத்தம் கேட்டால் அம்மா குசினிக்குள் போய் அடுப்புப் பக்கச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவார்.

அதனால்தான் நீ எனக்கு டிக்கெட் அனுப்பியபோது அவர் நிபந்தனை போட்டார்.

"இந்த வேலையை விடுறன் எண்டு அவன் உன்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணவேணும். அதை வாங்காமல் வராதை."

தன் தலை அவ்வளவு தூரம் வராது என்பதால் என் தலையை அனுப்பினார். சத்தியம் தவறினால் வெடிக்கப்போவது என் தலை. அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

உன் பிளேனில் ஏறும்போதே என் மானம் போனது. நீ கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி, பனியில் சோடி சேர்த்து ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினேன். உன்னுடைய இடம் அல்லவா, காலில் போட்டதோடு ஏற மனம் வரவில்லை. நீயும் கவனிக்கவில்லை. மேலே எழும்பிய பிறகுதான் என் காலுறையைப் பார்த்துச் சப்பாத்து எங்கே என்று கேட்டாய். வாசலில் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் என் மடியிலிருந்த முட்டைப் பெட்டியும் குலுங்கியது. பிறகு இயந்திரத்தைப் போர்த்தியிருந்த போர்வையைப் பின்னாலிருந்து எடுத்துக் காலைச் சுற்றச் சொன்னாய்.

கீழே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஊருக்கு வந்து அப்படித்தான் சொன்னேன். ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது, இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு அடுப்புப் புகை இல்லையே என்பதுதான். இரண்டு மலைகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்க, நீ ஒரு பக்கத்து மலையை உரசுவது போலப் போனாய். ஏன் என்று கேட்டேன்.

"திரும்பிறதுக்கு இடம் வைக்கவேணும், அக்கா. நடுவாலை போனால் எந்தப் பக்கமும் திரும்பேலாது."

இவன் சாகத் துணிந்தவன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்றாலும் வந்த காரியத்தை விடக்கூடாது என்று பேச்சை எடுத்தேன். அம்மா ஒன்று கேட்டவர் என்று தொடங்கியதுமே, இறங்கிவிட்டுக் கதைப்போம் என்று சொல்லிவிட்டாய். அம்மாவின் பிள்ளைதானே, உனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒரு மலை முனையைச் சுற்றியதும் உறைந்த குளம் ஒன்று வந்தது. கரையில் சில மர வீடுகள். நீ தாழ இறக்கினாய். சத்தம் கேட்டு வீடுகளின் கதவுகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து ஓடத் தொடங்கினார்கள். பெண்கள், ஒரு கிழவர், பிள்ளைகள். உன் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பி, மேலை எழுப்பு. சனம் பயந்து ஓடுது."

நீ சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்.

"பயந்து ஓடேல்லை, அக்கா. அவை எங்களிட்டைத்தான் ஓடி வருகினம்."

அந்த நாட்களில் குண்டுக்குப் பயந்து நாங்கள் ஓடியபோதும் மேலே இருந்தவனுக்கு இப்படித்தான் தெரிந்திருப்போம் என்று நினைத்தேன். பலகைகள் பனியில் உரசி நிற்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். சப்பாத்து இல்லாததால் என்னால் இறங்க முடியவில்லை. போர்வைக்குள் காலை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒருவர் மருந்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினார். பிள்ளைகள் இறக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் உன்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். எங்கள் வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயரை அவர்களுக்கு முழுதாகச் சொல்ல வரவில்லை, ஆனாலும் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது நீயே பேச்சை எடுத்தாய். வலக்கையை என் தலைக்கு நேரே நீட்டினாய்.

"அம்மா கேட்டதெண்டால் செய்யிறன். சொல்லுங்கோ, இண்டைக்கே விட்டிடுறன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது உன் முகத்தில் தெரிந்தது. நான் தலையைக் கொஞ்சம் குனிந்திருந்தால் போதும், அம்மா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் உன் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தேன்.

"ரெண்டு கையாலையும் பிடி" என்றேன்.

இங்கே வந்து இறங்கிய அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, சின்னப் பிள்ளைகளும் ஓடி வந்தார்களா என்று கேட்டார். ஓம் என்றேன். யாரும் விழவில்லையே என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு சத்தியத்தைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

நீ செத்துப்போனது பிளேனில் இல்லை, அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெஞ்சு வலி வந்து. இங்கே செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிளேன் விழுந்ததா என்றுதான் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் நிமிர்ந்து இருந்து பதில் சொன்னார், அவனுடைய பிளேன் ஒருநாளும் விழவில்லை என்று. எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த வேலையை விட்டிருந்தால் மட்டும் நீ இருந்திருப்பாய் என்று சொல்ல முடியாது. அது தெரிந்தும் கோபம்தான்.

போன கிழமை இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து வந்தது. அடுப்படியில் நின்ற நான் வழக்கம்போலக் குனிந்துவிட்டேன். அம்மா சுவரோரம் போய்விடுவார் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது அவரால் தனியாக நடக்க முடியாது. கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. கெதியாய்."

கொண்டுபோய் நிறுத்தினேன். அது கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை, வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு பார்த்தார். எனக்குப் பயம் போகவில்லை, தம்பி. பயத்தோடேயே அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் போய் நிற்பேன்.

அக்கா