பாறைக்குக் கீழே மூன்று பாத்தி

மார்ச் 2, சனி

காலையிலிருந்து தூறல். கொட்டகலையில் பஸ் எல்லாம் சேறு.

நாளைக்கு வேண்டியவை: ப்ரொஜெக்டர் (பாடசாலையில் கையெழுத்துப் போட்டு வாங்கியாகிவிட்டது), வெள்ளைப் பெட்ஷீட், ஸ்பீக்கர், நீள வயர், இஸ்திரி போட்ட சட்டை.

படம் ஏழு நிமிடம். எட்டு மாத வேலை. பாடசாலையில் சித்திரம் படிப்பித்துவிட்டு வந்து, வாடகை அறையில், மேசை மேல் கத்தரித்த காகித ஆட்கள், மேலே கட்டித் தொங்கவிட்ட ஃபோன். ஆளை ஒரு நூலளவு நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். பலமாக மூச்சு விட்டால் தோட்ட மனேஜர் துரையே பறந்துவிடுவார். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கதை: கொழுந்து எடுக்கும் ஒரு பெண். நாலு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில், சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், பாறைக்குக் கீழே, தேயிலை வராத இடத்தில் களவாக மூன்று பாத்தி போடுகிறாள். கடைசியில் அதற்குக் காணி உறுதிப் பத்திரம் கிடைக்கிறது. என் கூடப்பிறந்த ஸ்டெல்லா அக்காதான் அந்தப் பெண். பெயர், முகம் எல்லாம் மாற்றிவிட்டேன். பாறையை மட்டும் ஃபோட்டோ பார்த்து வரைந்தேன். அந்த வளைவும் மேலே வெள்ளையடித்த சிலுவையும் இல்லாவிட்டால் படம் சப்பென்று இருக்கும்.

தோட்டத்து உதவி மனேஜர் சின்னத் துரைக்கும் ஓர் அழைப்பு அட்டை. நேரில் கொடுத்தேன். "கட்டாயம் வர்றேன் மாஸ்டர்" என்றார். வரட்டும். பார்க்கட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

வெயில். கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டம். பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் படம். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்கினோம். உட்கார இடமில்லை.

காகிதத் துரை நடந்து வரும்போதே சிரிப்பு. அந்தப் பெண் முதல் கேரட்டைப் பிடுங்கும் இடத்தில் விசில். பின்னாலிருந்து பிலோமினா அக்கா (ஸ்டெல்லா அக்காவோடு கொழுந்தெடுப்பவர்) கத்தினார்: "அட, இது நம்ம ஸ்டெல்லா பாத்தியில்ல!" மண்டபமே சிரித்தது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

(கடைசி வார்த்தை 6ஆம் தேதி சேர்த்தது.)

சின்னத் துரை முன்வரிசை. எழுந்து நின்று கை தட்டினார்.

அக்கா வரவில்லை. பட்டிப்பொலையில் சாவு வீடு, செவ்வாய் ராத்திரிதான் திரும்புவாள். பொம்மைப் படம் எடுக்கிறேன் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று சொல்லாமலே வைத்திருந்தேன்.

மார்ச் 6, புதன்

பனி. ஏழாம் வகுப்புக்கு வாழைப்பழம் வரையக் கொடுத்துவிட்டு வெளியே நின்றபோது அக்காவின் ஃபோன் கோல்.

"கண்டாக்கு ஐயா நாடாவ வச்சி பாத்திய அளந்துட்டுப் போறாரு தம்பி. ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துறணுமாம். மரக்கன்னு வைக்கப் போறாங்களாம். என்னமோ படத்துல பாத்தோம்ங்கிறாரு. நீ என்னா படம் எடுத்த?"

சொன்னேன். "சரி, ஆளு கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.

மச்சான் செத்து அக்கா தனியான வருடம் முட்செடி வெட்டிப் போட்ட பாத்தி. பதினொரு வருடம். அக்கா மகள்களில் பெரியவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகாமல் இன்றைக்குப் பாடசாலையில் ஏ.எல். படிப்பது அந்தக் கேரட்டிலும் லீக்ஸிலும்தான். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், அவர் வீட்டுக்கு லீக்ஸே அங்கிருந்துதான் போகும். தெரிந்தும் தெரியாத மாதிரி எல்லோரும் இருந்தார்கள். அக்காவுக்கு இருந்த உறுதி அது ஒன்றுதான். அதை நான் பெட்ஷீட்டில் போட்டுக் காட்டினேன், ஸ்பீக்கர் வேறு வைத்து.

மார்ச் 7, வியாழன்

அரை நாள் லீவு. தோட்ட ஒஃபீஸ். சின்னத் துரை கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வந்தது.

"நல்ல படம் மாஸ்டர், உண்மையா. ஆனா பெரிய துரை கேள்விப்பட்டுட்டார். அத்தன பேர் முன்னால நான் கை வேற தட்டிட்டேன். இனி தெரியாதுன்னு எப்படி சொல்றது?"

எல்லாம் கற்பனை என்றேன்.

"கற்பனையில சிலுவையும் அதே பாறையில இருக்குமா?"

கேரட் முற்றும் வரை மூன்று வாரம் கேட்டேன். ஞாயிறு என்றால் ஞாயிறுதான் என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அதை ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் இருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே: "தொரைக்கு கார்டு குடுத்து கூட்டியாந்தவரு இவருதான்."

துரைக்கு உறைக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன் என்று எட்டுப் பேரிடம் சொல்லலாம். இங்கே உண்மையை எழுதுகிறேன். அவர் வாயால் ஒரு பாராட்டு வேண்டியிருந்தது. அவர் எழுந்து கை தட்டியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. லயத்து ஆட்கள் தட்டியபோதுகூட அப்படி இல்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

பல்வலி. கிராம்பு.

கொழும்பில் குறும்படம் திரையிடுகிறவர்கள் படத்தைக் கேட்டு மின்னஞ்சல். போன வாரம் என்றால் துள்ளியிருப்பேன். முடியாது என்று எழுதினேன்.

முடிவு செய்துவிட்டேன். இனி யாரும் அதைப் பார்க்கக் கூடாது. ஃபோனில் அழித்தேன். பாடசாலையைத் திறக்கச் சொல்லி, அங்கே கம்ப்யூட்டரிலும் அழித்தேன். பென் டிரைவும் காலி. காகித ஆட்கள், லயம், பாறை, பாத்தி எல்லாவற்றையும் வீட்டுக்காரம்மாவின் விறகடுப்பில் போட்டேன். "ஐயோ மாஸ்டர், இவ்ளோ அழகா இருக்கு!" என்று ஒன்றை எடுக்கப் பார்த்தார். விடவில்லை. எட்டு மாதம், கால் மணி நேரம்கூட எரியவில்லை.

மனசு கொஞ்சம் லேசாயிற்று. அக்காவுக்கு என்னால் முடிந்த ஒன்றையாவது செய்துவிட்ட மாதிரி.

மார்ச் 10, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போனேன். பூசைக்குப் போகவில்லை. அக்கா, பெரியவள், நான், மூவரும் பிடுங்கினோம். கேரட் சுண்டுவிரல் அளவுதான். லீக்ஸ் பரவாயில்லை. பிலோமினா அக்கா வந்து ஒரு கூடை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதினோரு மணிக்கு ரொட்டியும் சம்பலும். அக்கா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தப் போடு தம்பி. தோட்டமே பாத்திருச்சி, நான்தான் பாக்கல. நம்ம பாத்தி அப்படியே இருக்காமே."

சொன்னேன். ஃபோனில் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லை. காகிதமெல்லாம் நேற்று அடுப்பில்.

"எல்லாத்தையுமா?"

"ஒனக்காகத்தான்க்கா."

அக்கா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"எடுக்கறப்பயும் என்னைய கேக்கல. எரிக்கறப்பயும் கேக்கல."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்றாவது பாத்தியில் இன்னும் பாதி இருந்தது. எழுந்து போய்க் குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள்.